நாள்மங்கலம்

நுழையும்முன்

பிறந்தநாள் என்றதும் புத்தாடையும் இனிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. தாம் பிறந்த நாள் இன்னதென அறியாமலே வாழ்ந்து மறைந்த தலைமுறைகள் நமக்கு முன் இருந்தன. ஒரு குழந்தையின் வரவை உலகம் கணக்கில் கொண்டது என்பதற்குப் பிறந்தநாளே சான்று. மகளின் பிறந்தநாளையொட்டி ஒரு தந்தையின் உள்ளத்தில் எழும் எண்ணங்களாக அமைந்துள்ளது இக்கட்டுரை.

நாள் அறியாத் தலைமுறை

என் மகளுக்கு இவ்வாண்டு பதினேழு வயது நிறைவடைகிறது. அவள் பிறந்த நாள், நேரம், அன்றைய எடை ஆகிய அனைத்தும் மருத்துவமனைக் குறிப்பில் உள்ளன. என் தாய்க்கு அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. கம்பு அறுவடையாகிக் களத்தில் கிடந்த நேரத்தில் தாம் பிறந்ததாகவும், அவ்வாண்டு ஊர்க்கிணறு வற்றியதாகவும் மட்டுமே அவர் அறிவார்.

எனக்கோ இரண்டு பிறந்தநாள்கள். ஒன்று, வீட்டார் நினைவிலுள்ள ஐப்பசித் திங்களின் அடைமழை நாள். மற்றொன்று, பள்ளிச் சான்றிதழிலுள்ள சூன் மாத நாள். வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் பள்ளியில் சேரும் வயது வந்துவிட்டதாகக் கொண்ட காலம் அது. சேர்க்கைக்குப் பொருந்தும் ஒரு நாளை ஆசிரியரே பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இறந்தோர் நினைவுநாளை ஆண்டுதோறும் தவறாமல் போற்றிய குடும்பங்கள் பலவற்றில், பிறந்தோர் நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் இல்லை.

அரசர்க்குரிய விழா

பிறந்தநாள் விழா தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாடாண்திணையில் மன்னனின் பிறந்தநாளைப் 'பெருமங்கலம்' எனக் குறிக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை அதனை 'நாண்மங்கலம்' என்கிறது. அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை அணிவான் ஆதலின் 'வெள்ளணி' என்னும் பெயரும் வழங்கியது. அன்று அரசன் பகையுணர்வை விலக்குவான், போர் தவிர்ப்பான், சிறைப்பட்டோரை விடுவிப்பான், இரவலர்க்குக் கொடை வழங்குவான். முதலாம் இராசராசன் பிறந்த ஐப்பசிச் சதய நாள் தஞ்சையில் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கு இரண்டு செய்திகளைக் காணலாம். பிறந்தநாள் அன்று பெறும் நாளாக அன்றிக் கொடுக்கும் நாளாக இருந்தது. ஆயினும் அது அரசர்க்கே உரியதாக இருந்தது. அரசனின் நாளைக் கல் சுமந்தது. உழவன் மகளின் நாளை எவரும் எழுதவில்லை. இன்று எளிய இல்லத்துப் பிள்ளைக்கும் பிறந்தநாள் உண்டு என்பது, காலம் நமக்கு ஈட்டித் தந்த உரிமையாகும்.

முதலில் காப்பு

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பத்துப் பருவங்களாகப் பாடுகிறது. தலைநிமிர்ந்து ஆடுவதும், கைகொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும் அங்கே விழாவாகின்றன. எனினும் அவை அனைத்திற்கும் முன்னதாக நிற்பது காப்புப் பருவம். குழந்தை பிழைத்திருக்க வேண்டுமே என்னும் பெற்றோரின் அச்சம் அதில் ஒலிக்கிறது.

அவ்வச்சம் பொருளற்றதன்று. 1971ஆம் ஆண்டில் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணாமலே மறைந்தனர். 2020இல் இவ்வெண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அது 13. தடுப்பூசியும், மருத்துவமனைப் பேறும், செவிலியரின் உழைப்பும் காத்துத் தந்த நாளே ஒவ்வொரு குழந்தையின் முதல் பிறந்தநாளும் ஆகும்.

பெண்மகவின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டியிருந்தது. அவ்வரலாற்றை அறிந்த தந்தைக்கு மகளின் பிறந்தநாள் வெறும் கேளிக்கை நாளாக இருத்தல் இயலாது. 'நீ வந்தது எங்களுக்கு நன்மை' என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லும் நாள் அது.

ஏட்டில் எழுதிய நாள்

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். பிறந்தவுடன் பதிவு செய்யப்படுதல் குழந்தையின் உரிமை என 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. ஏன் இத்துணை வலியுறுத்தல்? பள்ளி செல்லும் வயதில் பிள்ளையை வேலைக்கு அனுப்புவோரையும், பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடிக்க முனைவோரையும் தடுக்கச் சட்டம் கேட்கும் முதல் சான்று பிறந்தநாளே. என் தாய்க்கு மணம் நடந்தபோது அவருடைய வயதைச் சொல்ல எவரிடமும் ஏடு இல்லை. என் மகளிடம் இருக்கிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர் இறைவனிடம் வேண்டிய காப்பை, இன்று ஒரு தாளில் எழுதிய தேதியும் தருகிறது.

ஆரவாரமும் அன்பும்

கேக் வெட்டுவதையும் மெழுகுவத்தி ஏற்றுவதையும் வேற்று வழக்கம் என வெறுக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிப் பந்தலிடும்போதுதான் விழா சுமையாகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இனிப்பு வழங்கும்போது, வாங்கித் தர வழியில்லாமல் தன் பிறந்தநாளை மறைக்கும் பிள்ளையும் அங்கேயே அமர்ந்திருக்கக்கூடும். பிறர் நாணித் தலைகுனியும்படி அமையும் கொண்டாட்டம் மங்கலம் ஆகாது.

எங்கள் இல்லத்தில் அந்நாளுக்கெனச் சில வழக்கங்கள் உண்டு. கதவு நிலையில் மகளின் உயரத்தைக் குறிக்கிறோம். அவள் பிறந்த நாளின் நிகழ்வுகளை அவள் தாய் எடுத்துரைக்கிறார். ஆண்டுதோறும் கேட்ட கதையேயாயினும் அவள் விடுவதில்லை. பின்னர் ஊர் நூலகத்திற்கு அவள் விரும்பிய நூலொன்றை அளிக்கிறாள். சென்ற ஆண்டு முதல் தன் பாட்டிக்கும் ஒரு பிறந்தநாள் வேண்டும் என்கிறாள். கம்பு அறுவடைக் காலத்தில் ஒரு நாளை அவளே தேர்ந்து, நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறாள்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டு முதியோர் தம் பிறந்த காலத்தை எந்நிகழ்வுகளைக் கொண்டு நினைவுகூர்கின்றனர் எனக் கேட்டு எழுதுக.
2. அரசரின் பெருமங்கலத்தையும் இக்காலப் பிறந்தநாள் விழாவையும் ஒப்பிடுக.
3. 'பிறப்புச் சான்றிதழ் ஒரு காப்பு' – வகுப்பில் கலந்துரையாடுக.