ஒன்றரை மணி நேர நிறைவு

கேள்வி: ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வீடியோ கேமை ஆடி முடிப்பதில் அப்படியென்ன நிறைவு? – வாசகர், மானாம்பதி

பதில்: காத்திருப்பும் அந்த ஆட்டத்தில் சேர்த்திதான். ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2019-இல் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வந்தது. அன்று வாங்கக் குவிந்த கூட்டத்தில் இணையக் கடைகளே திணறிப்போயின.

முடிக்கும் நிறைவுக்குத் தமிழருக்கு நெருக்கமான சான்று, டொரன்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’. 2023 ஜூலை 31-இல் வெளியானது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. கதைநாயகி வெண்பாவுக்கு அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் தமிழை விட்டு விலகிய அவள் மகன் கவின், தட்டுத்தடுமாறி அதே குறிப்பேட்டைப் படிக்கும் கட்டத்தில் கண் கலங்கும். நம் வீட்டு அடுக்களையே ஒரு ஆட்டமாகி, அதை நாமே முடித்துவைக்கும் நிறைவு அது. நீளத்துக்கும் நிறைவுக்கும் தொடர்பே இல்லை.

2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை ‘வெண்பா’ வென்றது.