சம்மர் கேம்ப்பில் பாரம்பரிய நாளா? அக்கா சொல்ற டிப்ஸ் இதோ!

மே மாசம் வந்தாலே தெருவுக்குத் தெரு சம்மர் கேம்ப்தான். அதுல ஒருநாளை ‘பாரம்பரிய நாள்’னு ஒதுக்குறதும் இப்போ வழக்கமாகிடுச்சு. கேம்ப் நடத்துற தங்கச்சிங்களே, பட்டுப்பாவாடையும் வேட்டியும் கட்டிவரச் சொல்லி போட்டோ எடுக்கிறதோட அந்த நாள் முடிஞ்சிடக் கூடாது. அன்னைக்குப் பிள்ளைங்க ஆசைதீர விளையாடணும். அதுக்குச் சில யோசனைகள்...

உடை: பட்டு வேண்டவே வேண்டாம். கணுக்காலுக்கு மேல நிக்கிற காட்டன் பாவாடை சட்டை போதும். தரையைத் தொட்டா நொண்டி ஆடும்போது தடுக்கும். பையன்களுக்கு ஒட்டிக்கிற வேட்டி, உள்ளே அரைக்கால் சட்டை கட்டாயம்.

நேரம்: கத்திரி வெயில் மே 4-ல் ஆரம்பிச்சு மாசக் கடைசி வரைக்கும் போகும். அதனால நொண்டி, பச்சைக்குதிரை, பம்பரம் எல்லாத்தையும் காலை 7 மணிக்கே ஆரம்பிச்சு 9 மணிக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் நிழலுக்கு வந்து பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி. கிட்டிப்புள்ளுக்குப் பெரிய மைதானமும் கூடவே நிக்க ஒரு பெரியவரும் இல்லைன்னா விட்டுடுங்க. புள் பறந்து கண்ணுல பட்டா ஆபத்து.

பல்லாங்குழி: பலகை இல்லையேன்னு கவலை வேண்டாம். சாக்பீஸால தரையில ஏழு ஏழா ரெண்டு வரிசை, மொத்தம் 14 வட்டம் போடுங்க. குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. 20 பிள்ளைங்கன்னா 10 ஜோடி, இந்த ஆட்டத்துக்கு மட்டும் 700 கொட்டை வேணும். ஒரு மாசம் முன்னாடியே அக்கம்பக்கத்துல சொல்லிவெச்சு, கழுவிக் காயவெச்சுடுங்க. வாயில போட்டுக்கிற வயசுத் தம்பி தங்கைங்க கூட வந்தா, அவங்க கைக்கு எட்டாம பார்த்துக்கோங்க.

தாயம்: கட்டையைக் கடையில வாங்காதீங்க. ஆளுக்கு நாலு புளியங்கொட்டை கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகுற வரைக்கும் சொரசொரப்பான சிமென்ட் தரையில தேய்க்கச் சொல்லுங்க. தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடாகும். அடுத்த நிமிஷமே அதைப் பக்கத்துல இருக்கிறவங்க கையில வெச்சு ‘சூடு’ போடுவாங்க. ‘ஆ’ன்னு ஒரு சத்தம், உடனே சிரிப்பு! கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் அப்போ கூட்டத்தோட சேர்ந்துடும்.

ஆடுபுலி: 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுங்க ஒண்ணுகூடிப் புலியை நகரவிடாம அடைக்கும். ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆட விடுங்க.

தாத்தா பாட்டி: அவங்களை மேடையில உட்காரவெச்சுப் பேசச் சொல்லாதீங்க. ஆட்டத்துக்கு ஒருத்தரா பிள்ளைங்க பக்கத்துல உட்காரவெச்சிடுங்க. முட்டி வலி உள்ளவங்களுக்கு மேஜை நாற்காலி போட்டு, ஆட்டக் கட்டத்தை மேஜைமேலேயே வரைஞ்சிடுங்க. பல்லாங்குழியில நாலு கொட்டை சேர்ந்தா ‘பசு’ன்னு எடுத்துக்கிறது, தாயத்துல எது விழுந்தா மறுபடி போடலாம்ங்கிறது எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். சண்டை வராம இருக்க, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு விதியைப் பேசி முடிவு பண்ணிக்கோங்க.

தாகத்துக்கு: 30 பிள்ளைங்களுக்கு 6 லிட்டர் பானகம். ஒரு கிலோ வெல்லத்தைக் கரைச்சு வடிகட்டி, எலுமிச்சைச் சாறு, சுக்கு, ஏலக்காய் சேர்த்தா முடிஞ்சது. ஐஸ் வேண்டாம், மண்பானையில ஊத்திவெச்சாலே ஜில்லுனு இருக்கும். தண்ணி மட்டும் காய்ச்சி ஆறவெச்சதா இருக்கட்டும். கூடவே நீர்மோர், கிடைச்சா நுங்கு.

பரிசு: முதல் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு பிரிக்காதீங்க. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு சின்னத் துணிப்பையில 70 புளியங்கொட்டையும், ஆட்ட விதி எழுதின ஒரு தாளும் போட்டுக் கொடுத்தனுப்புங்க.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பையைப் பரண்மேல போட்டுடாதீங்க. கேம்ப் முடிஞ்சாலும் லீவு மிச்சம் இருக்கு. ராத்திரி சாப்பிட்டதும் டிவியை நிறுத்திட்டு, பிள்ளையோட ஒரு ஆட்டம் உட்காருங்க.