நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘அம்மாவுக்குத்தான் சம்பளமே இல்லையே!’

நம்பிக்கை: விபத்தில் இறந்தவர் வேலைக்குப் போகாத பெண். வருமானம் இல்லாதவருக்கு இழப்பீடு பெரிதாகக் கிடைக்காது.

உண்மை: சுத்தப் பொய். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் உறவுக்காரர் ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். “சம்பாதிக்கிற ஆளா போயிருக்கு? குடுக்கறத வாங்கிட்டுப் பேசி முடிங்க” என்று லாரிக்காரர் அனுப்பிய ஆளும் அதையே சொல்கிறார். விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவள் நான். தாயை இழந்த பிள்ளைகள் இதை நம்பிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. சமையல், துணி, பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் மாமியார் என்று அவர் பார்த்த வேலைக்கெல்லாம் சம்பள ஆள் வைத்துப் பாருங்கள், தெரியும்.

1989-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவன விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-இலேயே உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் மதிப்பிட்டது. 2009-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் வீட்டு வேலையின் மதிப்பை விரிவாக ஆராய்ந்து எழுதிய தீர்ப்பை, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் அரசு ஆய்வை உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு ஒன்று சுட்டியது. தினக்கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இல்லத்தரசியின் வருமானத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2024-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். இறந்தவருக்கு வயது 38, கணவரும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாத மதிப்பு 10,000 ரூபாய் என்றே வைப்போம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து, அவரது சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, ஆண்டுக்கணக்காக்கி, அந்த வயதுக்குரிய பெருக்கு எண்ணான 15-ஆல் பெருக்கினால் 16,80,000 ரூபாய். இதைத்தான் ஒன்றிரண்டு லட்சத்துக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்.

நம்பிக்கை: ஹெல்மெட் போடாவிட்டால் ஒரு பைசா கிடைக்காது.
உண்மை: அதனால் தலைக்காயம் கூடியது என்றால் ஒரு பகுதி கழியலாம். கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை.

நம்பிக்கை: மோதிய டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் தராது.
உண்மை: பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடலாம் என்பது 2004 முதல் உள்ள சட்டநிலை.

நம்பிக்கை: கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை, இனி ஒன்றுமில்லை.
உண்மை: அது வேறு வழக்கு. அங்கே கேட்கும் அளவுக்கு இங்கே நிரூபணம் தேவையில்லை.

எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே தையல், பால், டியூஷன் என்று சம்பாதிக்கும் பெண்கள் ஏராளம். அந்தப் பணம் கணவர் கணக்குக்கா போக வேண்டும்? அந்தப் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும், பால் அட்டையும் சுய உதவிக் குழுப் புத்தகமும் பத்திரமாக இருக்கட்டும். உயிரோடு இருக்கும்போது அது அவர் உரிமை. வழக்கு என்று வந்தால் அதுவே சாட்சி.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். அதுவரை எந்தப் பேச்சுவார்த்தைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.