காத்தே இல்ல, அலை மட்டும் எப்படி வருது?

களக்காட்டில் கடல் இல்லை. மலையும் வாழைத் தோட்டமும்தான். ஆனாலும் வைகாசி விசாகம்னா உவரி, லீவு விட்டா கன்னியாகுமரின்னு குடும்பத்தோடு கடலுக்குக் கிளம்பிடுவோம். கிளம்பும்போது மழை வருமான்னு போனில் பார்க்கிறீர்கள். கடல் எப்படி இருக்குன்னு பார்க்கிறீர்களா?

2024 மே மாதம் நடந்தது

2024 ஏப்ரல் 26 அன்று, நம் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தொலைவில், தெற்கு அட்லாண்டிக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. இரண்டு நாளில் அது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்து, பெரிய அலைகளை எழுப்பியது. அந்த அலைகள் மே 4 வாக்கில் நம் கரையைத் தொட்டன. இங்கே புயலும் இல்லை, பலத்த காற்றும் இல்லை. இப்படித் திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால்தான் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர்.

மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகியிருந்தது.

முன்கூட்டியே எப்படித் தெரியும்?

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இதற்காகக் கணினி மாதிரிகளை இயக்குகிறது. வேலை இப்படி நடக்கிறது:

1. வரைபடத்தில் கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள், வயலைப் பாத்தி கட்டுவது மாதிரி. நடுக்கடலில் பெரிய கட்டம், கரையோரம் சிறிய கட்டம்.
2. ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றின் வேகம், கடலின் ஆழம் போன்ற விவரங்களைக் கொடுக்கிறார்கள். நீரோட்டத்தைக் கணிக்க நீரின் வெப்பம், உப்பின் அளவு, ஓதம் ஆகியவையும் சேரும்.
3. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு அலை, எவ்வளவு நீர் போகும் என்று சில நிமிட இடைவெளியில் கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போடும்.
4. கடலில் மிதக்கும் மிதவைகளும் செயற்கைக்கோள்களும் தரும் அளவோடு அதைச் சரிபார்ப்பார்கள்.

முதலில் தாழ்வும் பிறகு அலையுமாக 10,000 கி.மீ. தூரத்தை எட்டு நாளில் கடந்தால், சராசரியாக மணிக்குச் சுமார் 52 கி.மீ. கிட்டத்தட்ட நம்ம ஊர் பஸ் வேகம்! எங்கே கிளம்பியது என்று தெரிந்தால், எப்போது வந்து சேரும் என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியவை

● அலை உயரத்தோடு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 15 வினாடிக்கு மேல் இருந்தால் அது தூரத்திலிருந்து வரும் அலை. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் ஆழம் குறைந்த கரைக்கு வந்ததும் எழும்பி, வெகுதூரம் ஏறும். திரும்பும்போது பலமாக இழுக்கும்.
● இன்காய்ஸின் ‘சமுத்ரா’ செயலி, தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி இரண்டையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.
● எச்சரிக்கை இருந்தால் குளிக்க இறங்காதீர்கள், பாறையில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.
● அவசர உதவிக்கு: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் 1093.

கணினி மாதிரி ஒரு கரைப் பகுதி முழுவதற்கும்தான் சொல்லும். நீங்கள் நிற்கும் பாறைக்கு எந்த நொடியில் அலை வரும் என்று சொல்லாது. அதனால், போன் சொன்னதோடு உள்ளூர் மீனவர் சொல்வதையும் கேளுங்க. அவங்க ‘இன்னிக்கு இறங்காதீங்க’ன்னா, கரையிலேயே நின்னு பார்த்துட்டு வந்துருங்க. கடல் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.