காலடியில் இருப்பது ஆணியா, மருவா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சிறுமலையில் காப்பி, வாழை, எலுமிச்சைத் தோட்டங்களில் வேலை பார்க்கிற குடும்பம். எனக்கு வயது 36. வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் ஒரு வருடமாகக் கால் ஆணி இருக்கிறது. முதலில் ஒன்றுதான் இருந்தது. இப்போது பக்கத்தில் சின்னதாக இன்னும் இரண்டு முளைத்திருக்கின்றன. சரிவில் கூடையோடு இறங்கினால் சுருக்கென்று குத்துகிறது. அம்மான் பச்சரிசிப் பால் வைத்துப் பார்த்தேன், பூண்டு நசுக்கிக் கட்டினேன். பிளேடால் சீவினால் கொஞ்ச நாள் சுகம், பிறகு பழையபடி வந்துவிடுகிறது. எருக்கம்பாலோ சேங்கொட்டையோ வைத்தால் வேரோடு போய்விடும் என்கிறார்கள் ஊரில். மலைக்குக் கீழே ஒரு கிளினிக்கில் கரண்ட் வைத்துச் சுட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். ஐந்தாவது படிக்கும் மகனுக்கும் குதிகாலில் இதே மாதிரி வந்துவிட்டது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டுதல் இருக்கிறது. செருப்பில்லாமல்தான் நடப்போம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, அதற்குள் சரியாகுமா? எங்கள் அத்தைக்கும் (மாமியார்) காலில் ஆணி இருக்கிறது. சர்க்கரை உள்ளவர். ஆனால் வலியே இல்லை என்கிறார். அவருக்கும் இதே மருந்தைப் போடலாமா?
— வாசகி, சிறுமலை

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசிச் செய்திதான், அம்மா. சர்க்கரை உள்ளவர் காலில் ஆணி இருக்கிறது, ஆனால் வலியில்லை என்றால் அது நல்ல சேதி அல்ல. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு பழுதாகியிருக்கலாம். தடித்த தோலுக்கு அடியில் புண் சீழ் வைத்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் அத்தை காலில் எருக்கம்பால், பூண்டு, பிளேடு எதுவும் படக் கூடாது. மருந்துக் கடையில் விற்கும் கார்ன் கேப்பும் கூடாது. அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துப் புண்ணாக்கும். உணர்ச்சியில்லாத காலில் அது எலும்பு வரை போன பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும். இந்த வாரமே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் பாதத்தில் மரத்துப்போன இடம் இருந்தால் காட்டிவிட வேண்டும். தொழுநோயாகவும் இருக்கலாம், அதற்கான கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது.

இப்போது உங்கள் காலுக்கு வருகிறேன்.

ஊரில் கால் ஆணி என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. ஒன்று உண்மையான ஆணி. செருப்பு அழுத்தியோ எலும்பு உறுத்தியோ தோல் கூம்பாகத் தடித்து உள்நோக்கி இறங்குவது அது. கிருமி கிடையாது, பக்கத்தில் குட்டி போடாது, அடுத்தவருக்கு ஒட்டாது. இரண்டாவது பாத மரு. மூன்றாவது உங்கள் மலைக்கே உரியது: எலுமிச்சை முள்ளோ மூங்கில் சிராயோ ஏறி, உள்ளேயே முனை முறிந்து, மேலே தோல் மூடிக் கட்டியாகிப்போவது. முள்ளை எடுக்காமல் எந்த மருந்து வைத்தாலும் அது ஆறாது.

வித்தியாசம் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. குளித்துவிட்டு வந்து, நல்ல வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். கைரேகை போலப் பாதத்திலும் ரேகை ஓடும். மரு இருக்கும் இடத்தில் அந்த ரேகை அறுந்து, ஓரமாக விலகிப் போகும். மேல்தோலைத் தேய்த்தால் கடுகை விடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதைத்தான் பலர் வேர் என்கிறார்கள். உண்மையில் அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். ஆணியில் இந்தப் புள்ளிகள் இருக்காது, நடுவில் கண்ணாடி போல ஒரு கெட்டிக் குருத்து இருக்கும். கட்டைவிரலால் நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், ஒன்று மூன்றானதையும் மகனுக்கும் வந்ததையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது மரு என்றே நினைக்கிறேன்.

மரு ஹியூமன் பாப்பிலோமா வைரஸால் வருகிறது. மருவைக் கரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்த நீரும் மருவை உண்டாக்கும் என்று 1907இலேயே இத்தாலிய மருத்துவர் சியூஃபோ காட்டிவிட்டார். இந்த வைரஸில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பாதத்துக்கு வரும் வகைகள் வேறு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நல்ல தோலில் இது நுழையாது. ஊறி வெளுத்த தோல், வெடிப்பு, சிராய்ப்பு இருந்தால் நுழையும். ஐப்பசி மழையில் நாள் முழுக்க ஈரக் காலோடு தோட்டத்தில் நின்றுவிட்டு, எல்லோரும் குளிக்கிற அதே கல்லில் ஏறி நின்று, அதே கல்லில் குதிகாலைத் தேய்த்தால் ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போக வேறு வழியே வேண்டாம். தொற்றி மாதக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால் எங்கே வாங்கினோம் என்று கண்டுபிடிப்பது வீண்வேலை.

நாட்டு மருந்துகளைப் பற்றிக் கேட்டீர்கள். சிரித்து ஒதுக்குகிற கட்சியில் நான் இல்லை. அம்மான் பச்சரிசியின் சொந்தக்காரச் செடி ஒன்றின் பாலிலிருந்து எடுத்த பொருளை, வெயிலால் வரும் தோல் தடிப்புக்கு மருந்தாக 2012இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பிறகு அதைப் போட்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்து, 2020இல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். செடிப் பாலுக்குத் தோலை அரிக்கும் சக்தி இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு அரிக்கும், எங்கே நிற்கும் என்பதுதான் கையில் இல்லை. அம்மான் பச்சரிசிப் பால் மென்மையானது, பாதத்தின் தடித்த தோலைத் தாண்டி அது பெரிதாக எதுவும் செய்யாது. போட்டதில் கெடுதல் இல்லை, பலன் இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

எருக்கம்பால் அப்படியல்ல. அது தோலைப் புண்ணாக்கும். அதைவிட எனக்குப் பயம் கண்ணைப் பற்றித்தான். எருக்கு ஒடித்த கையோடு கண்ணைக் கசக்கி, கருவிழி வெளுத்துப் பார்வை மங்கி வருகிறவர்களைக் கண் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். சில சமயம் கண்ணில் வலியே இருக்காது, அதனால் தாமதமாக வருவார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

சேங்கொட்டையைத் தொடவே தொடாதீர்கள். சலவைத் தொழிலாளர் துணியில் குறி போட்ட அதே கொட்டைதான். அதன் எண்ணெய் பட்டால் பட்ட இடத்தோடு நிற்காமல் ஒவ்வாமையாகக் கால் முழுக்கக் கொப்பளித்து நீர் வடியும். முந்திரி ஓட்டு எண்ணெயும் அதே குடும்பம், அதே கதை. சித்த மருத்துவர்கள் சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கையாளுவதில்லை. அந்தப் பக்குவம் தெரியாமல் பக்கத்து வீட்டு யோசனையில் வைத்துக்கொள்வது சித்த மருத்துவத்தில் சேராது.

பூண்டைக் கட்டி ராத்திரி முழுக்க விட்டால் தோல் வெந்துபோகும். நீங்கள் எழுதாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மலையில் மூட்டை சுமக்கக் குதிரைகள் உண்டு என்பதால். குதிரைவால் முடியால் இறுகக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்பார்கள். கழுத்தில் காம்போடு தொங்கும் பாலுண்ணிக்கு அது நடக்கும். பாத மருவுக்குக் காம்பே கிடையாது, கட்ட இடமில்லை. ஹோமியோபதியில் தரும் மாத்திரைகளைக் கனடாவின் கியூபெக்கில் பாத மரு உள்ள 174 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வில், வெறும் மாத்திரைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டு மரு உதிர்ந்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. மரு தானாகவும் போகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒருநாள் வைரஸை அடையாளம் கண்டுகொண்டால் மளமளவென்று உதிர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தழும்பில்லாமல் மறைகின்றன. அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன போட்டுக்கொண்டிருந்தார்களோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆகவே உங்கள் மகனுக்கு வலியில்லை என்றால் சும்மா விடுங்கள். தனிச் செருப்பு, தனித் துண்டு கொடுத்தால் போதும். பெரியவர்களுக்கு, அதுவும் உள்ளங்காலில், இவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

நான் உங்களுக்குச் சொல்லும் மருந்தும் ஒருவகையில் வீட்டு வைத்தியம்தான். சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் ஏறத்தாழ 17 விழுக்காடு வீதம் கலந்த திரவம் மருந்துக் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். ஒருமுறை காலை மருத்துவரிடம் காட்டி மருதான் என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள். ராத்திரி படுக்கப் போகும்முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். வெளுத்த தோலைக் கால் தேய்க்கும் கல்லால், ரத்தம் வராத அளவுக்கு, மெதுவாகத் தேய்த்து எடுங்கள். அந்தக் கல் உங்களுக்கு மட்டும்தான், குளியலறையில் வைக்காதீர்கள். ஈரம் துடைத்துவிட்டு, மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவுங்கள். மருவின்மேல் மட்டும் ஒன்றிரண்டு சொட்டு வைத்து, காய்ந்ததும் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். மறுநாளும் அதேதான். எரிச்சலோ புண்ணோ வந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பாதி வழியில் வலி போனதும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பெரும்பாலும் தோற்கிறது. ரேகை பழையபடி ஒட்டி ஓடினால்தான் மரு போனதாகக் கணக்கு.

பிளேடை இன்றோடு விடுங்கள். ரத்தம் வரச் சீவும்போது வைரஸ் பக்கத்துத் தோலில் விதையாக விழுகிறது. அந்த இரண்டு குட்டிகளும் அப்படி வந்தவையாக இருக்கலாம்.

கரண்ட் வைத்துச் சுடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். மரு மேல்தோலில் மட்டுமே இருப்பது. அதற்காக அடித்தோல் வரை சுட்டால், நீங்கள் உடம்புப் பாரம் முழுவதையும் ஊன்றும் இடத்தில் தழும்பு விழும். மரு என்றைக்காவது போகும், உள்ளங்கால் தழும்பின் வலி வாழ்நாள் முழுக்க இருக்கலாம். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது இன்னொரு வழி. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனப் பலதடவை போக வேண்டியிருக்கும், கொப்பளம் வரும். பிரிட்டனில் 240 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், உறைய வைத்தவர்களுக்கும் 50 விழுக்காடு சாலிசிலிக் அமிலம் போட்டவர்களுக்கும் பன்னிரண்டு வாரத்தில் மரு முழுதாகப் போனது ஒரே அளவுதான்: நூற்றுக்குப் பதினான்கு பேர். ஆறு மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஆக, பஸ் ஏறிப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை இழப்பதைவிட, முதலில் பாட்டில் மருந்தோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அதற்கும் மசியாத மருவுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள் இருக்கின்றன. அம்மைத் தடுப்பூசியாகப் போடும் எம்.எம்.ஆர். மருந்தையே மருவுக்குள் செலுத்துவது நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் கையாளும் முறைகளில் ஒன்று. பெரிய மருவில் ஊசி போட்டால் தொலைவில் இருக்கும் குட்டிகளும் சில சமயம் சேர்ந்து உதிரும். திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இப்படிப்பட்ட சிகிச்சைக்கு அங்குள்ள மருத்துவமனையில் தோல் மருத்துவரைக் கேளுங்கள். வேகமாகப் பெருக்கும் கறுப்புத் தடிப்பு, தொடாமலே ரத்தம் கசிவது, ஓரம் ஒழுங்கில்லாமல் நிறம் பரவுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். நம்மவர்களுக்குத் தோலின் கறும்புற்று வந்தால் அது உள்ளங்காலில் வருவதும் உண்டு.

தைப்பூசத்துக்குள் சரியாகுமா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன கணக்கே பதில்: முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தடிப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தால் குத்தும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும், நடக்க முடியும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே அமிலத்தை நிறுத்திவிடுங்கள், தோல் புண்ணாக இருக்கக் கூடாது. நடைக்கு முந்தைய ஒரு மாதத்தில் உறைய வைப்பது, சுடுவது எதுவும் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தார்ச்சாலை. தண்ணீர் புகாத பிளாஸ்டரை மருவின்மேல் ஒட்டிக்கொண்டு நடங்கள். தங்குமிடத்துக் குளியலறையில் மட்டும் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுடையது அடுத்த பக்தருக்குப் போகாமல் இருக்கும். அத்தைக்கும் வேண்டுதல் இருந்தால் அவரைப் பஸ்ஸில் பழனிக்கு வரச் சொல்லுங்கள். வெறுங்காலோடு அவர் ஒரு கிலோமீட்டர்கூட நடக்கக் கூடாது.