குழாயும் பானையும்: வாங்குமுன் சோதித்துப் பாருங்கள்

உடன்குடி, குலசேகரன்பட்டினம், சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி நிலங்களில் தண்ணீர் நிற்பதில்லை. சிவந்த மணலில் ஊற்றிய நீர் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கடலோரக் கிணறுகளில் ஆழம் போகப் போக உவர்ப்பும் ஏறுகிறது. ஆகவே இப்பகுதியில் முருங்கை, தென்னை, காய்கறி பயிரிடும் விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் ஓர் இன்றியமையாத தேவையாகிவிட்டது.

ஆனால் தண்ணீரைச் சேமிக்கும் குழாயே முதலில் கெட்டுப்போனால் என்ன செய்வது? முதற்கோடையில் நன்றாக ஓடிய குழாய் மூன்றாம் கோடையில் வெடித்து, காய் பிடிக்கும் தறுவாயில் செடிகள் வாடுவதைப் பல தோட்டங்களில் காண்கிறோம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் வழங்குகிறது என்பது உண்மையே. எனினும் அதே நிலத்திற்கு மறுபடியும் மானியம் பெறச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இடையில் குழாய் போனால் கைப்பணம்தான் போட வேண்டும். எனவே குழாய் எதனால் ஆனது, அதை எப்படிச் சோதிக்கிறார்கள், நாமே வீட்டில் என்ன பார்க்கலாம் என்பதை இப்பாடத்தில் அறிந்து கொள்வோம்.

பிளாஸ்டிக் என்பது என்ன?

பூக்களை ஒவ்வொன்றாகத் தொடுத்து மாலை கட்டுவதுபோல, ஒரே வகையான சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் கிடைப்பதே பாலிமர். எத்திலீன் என்ற வாயுவைக் கோத்தால் பாலிதீன் கிடைக்கும். வினைல் குளோரைடு என்ற வாயுவைக் கோத்தால் பி.வி.சி. கிடைக்கும். சொட்டுநீர்ப் பாசனத்தில் செடிக்கருகே ஓடும் வளையக்கூடிய கறுப்புக் குழாய் பாலிதீனால் ஆனது. கிணற்றிலிருந்து தோட்டம்வரை போகும் விறைப்பான குழாய் பி.வி.சி.யால் ஆனது.

பி.வி.சி.க்கும் நம் கடற்கரைக்கும் உறவு உண்டு. பி.வி.சி.யின் எடையில் 100க்கு 57 பங்கு குளோரின். குளோரின் கிடைப்பது சாதாரண உப்பிலிருந்து. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் பிரிகின்றன. ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. தொழிற்சாலை உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறது, பி.வி.சி. பொடியும் தயாரிக்கிறது. பி.வி.சி. குழாயை வெயிலிலிருந்து காக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைச் சேர்ப்பார்கள். அது கடற்கரை மணலில் கலந்து கிடக்கும் இல்மனைட் என்ற கறுப்பு மணலிலிருந்து எடுக்கப்படுவது.

பொடியைக் குழாயாக்கும்போது வெப்பத்தில் சிதையாமல் இருக்க ஒரு மருந்தும், வெயில் தாங்க வெள்ளைப் பொடியும், ஓரளவு சுண்ணாம்புப் பொடியும் கலக்கிறார்கள். பிறகு சூடாக்கி, முறுக்குப் பிழிவதுபோல் அச்சின் வழியே தள்ளுகிறார்கள். சுண்ணாம்புப் பொடி விலை குறைந்தது. அதை அளவுக்கு மீறிக் கலந்தால் குழாய் பார்வைக்குக் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஆனால் தட்டினால் உடையும்.

கறுப்பு ஏன்?

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பாலிதீன் சங்கிலியை அங்கங்கே அறுக்கின்றன. சங்கிலி அறுந்த குழாய் வெளுத்து, விறைத்து, வெடிக்கிறது. இதைத் தடுக்கவே கரிப்புகை எனப்படும் நுண்ணிய கார்பன் பொடியைச் சேர்க்கிறார்கள். அது கதிர்களைத் தான் வாங்கிக் கொண்டு பாலிதீனைக் காக்கிறது. பாசனத்திற்கான பாலிதீன் குழாயில் இப்பொடி 2.5 சதவீதம் இருக்க வேண்டும். அரை சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பொடி ஒரே சீராகக் கலந்திருப்பதும் முக்கியம். கட்டி கட்டியாக நின்றால் அந்த இடமே குழாயின் பலவீனமாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கறுப்பு நிறம் பழைய பிளாஸ்டிக்கையும் மறைத்துவிடும். பல வகைக் கழிவுகளை உருக்கி, கறுப்புச் சாயம் ஏற்றிய குழாயும் கடையில் புதுக் குழாய்போலவே மின்னும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைகள்

பிளாஸ்டிக் துறைக்கென்றே 1968ஆம் ஆண்டு சென்னை கிண்டியில் மத்திய அரசு நிறுவிய நிறுவனம் சிப்பெட். மதுரையிலும் அதன் மையம் உள்ளது. குழாயின் தரத்தை அறிய ஆய்வுக்கூடங்களில் செய்யப்படும் முக்கியச் சோதனைகள் வருமாறு:

1. இழுவைச் சோதனை: குழாயிலிருந்து வெட்டிய துண்டை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு விசை தாங்கியது, எவ்வளவு நீண்டது என்று அளக்கிறார்கள்.

2. நீர் அழுத்தச் சோதனை: குழாயின் இரு முனைகளையும் அடைத்து, வழக்கமான அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் குறித்த நேரம் நீரை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

3. கரிப்புகைச் சோதனை: காற்றுப் புகாமல் துண்டைச் சூடாக்கினால் பாலிதீன் ஆவியாகிப் போகும், கார்பன் நிற்கும். எடை போட்டால் சதவீதம் தெரியும்.

4. வெடிப்புச் சோதனை: துண்டை வளைத்து, சோப்புத் தன்மையுள்ள திரவத்தில் வைத்து, எத்தனை மணியில் கீறல் விழுகிறது என்று பார்க்கிறார்கள்.

5. மோதல் சோதனை: பி.வி.சி. குழாயைக் குளிர வைத்து, குறித்த எடையை மேலிருந்து போட்டு உடைகிறதா என்று காண்கிறார்கள்.

இச்சோதனைகளில் தேறும் குழாய்க்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை. பாலிதீன் பக்கக் குழாய்க்கு ஐ.எஸ். 12786, டிரிப்பருக்கு ஐ.எஸ். 13487, டிரிப்பர் உள்ளேயே பதித்த குழாய்க்கு ஐ.எஸ். 13488, பி.வி.சி. குழாய்க்கு ஐ.எஸ். 4985 என்பவை தர எண்கள். முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் பதிந்தால் உரிமம் உண்மையா, நடப்பில் உள்ளதா என்பது தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

மிதவைச் சோதனை: பாலிதீன் தண்ணீரைவிட இலேசானது. ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, உட்புறக் காற்றுக் குமிழ் போகுமாறு தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். நல்ல பாலிதீன் மேலே வந்து மிதக்கும். மூழ்கினால் வேறு பொருள் மிகுதியாகக் கலந்துள்ளது என்று ஐயப்படலாம். பி.வி.சி. இயல்பாகவே மூழ்கும், அதற்கு இச்சோதனை பொருந்தாது.

எடைச் சோதனை: வெளிவிட்டம் 16 மி.மீ., சுவர்க் கனம் 1.2 மி.மீ. என்று சொல்லி விற்கப்படும் சாதாரணப் பக்கக் குழாய் ஒரு மீட்டர் சுமார் 52 கிராம் இருக்க வேண்டும். கனம் 0.9 மி.மீ. மட்டுமே என்றால் எடை சுமார் 40 கிராம்தான் இருக்கும். 2.5 மீட்டர் இடைவெளியில் முருங்கை நட்ட ஒரு ஏக்கருக்குச் சுமார் 1,600 மீட்டர் குழாய் தேவை. மீட்டருக்கு 12 கிராம் குறைந்தால் ஏக்கருக்கு 19 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் குறைகிறது. பத்து மீட்டர் அளந்து வெட்டி, கடைத் தராசிலேயே எடை போட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

இழுத்துப் பார்த்தல்: குழாயிலிருந்து மெல்லிய நாடாவாக ஒரு கீற்று வெட்டி இரு கைகளாலும் இழுங்கள். நல்ல பாலிதீன் வெளுத்து, நீண்டு, நெடுநேரம் கழித்தே அறும். கழிவுப் பிளாஸ்டிக் நீளாமல் பட்டென்று அறும்.

வளைத்துப் பார்த்தல்: ஒரு சாண் துண்டை இரண்டாக மடக்கிக் கட்டி, சோப்புத் தண்ணீரில் போட்டு, வெயிலில் சில நாள் வைத்துப் பாருங்கள். மடிப்பில் கீறல் விழுந்தால் அக்குழாயை வாங்காதிருப்பது நலம். இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடல்ல. ஆயினும் மோசமானதைக் காட்டிக் கொடுக்கும்.

வெப்பமும் அழுத்தமும்

பி.வி.சி. குழாயின்மீது 4 கிலோ, 6 கிலோ என்று அழுத்தம் அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோ அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் உயர நீரின் பாரம். இந்த அளவு 27 டிகிரி வெப்பத்திற்கு உரியது. வெப்பம் ஏற ஏறக் குழாயின் வலிமை குறையும். சித்திரை வெயிலில் வெறுங்காலில் நிற்க முடியாத தேரி மணலின்மேல் கிடக்கும் குழாய், அச்சிட்ட அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. ஆகவே பி.வி.சி. குழாயை இரண்டடி ஆழத்தில் புதைப்பதே முறை. வெளியே தெரியும் பகுதிக்கு வெள்ளை வண்ணம் பூசலாம் அல்லது சாக்குச் சுற்றலாம். தேரி மணல் காற்றில் நகரும் இயல்புடையது. புதைத்த குழாய் ஆடிக் காற்றுக்குப்பின் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் மூட வேண்டும்.

டிரிப்பர்கள் சீராகச் சொட்டுகின்றனவா?

மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும். தோட்டத்தின் தலைப்பு, நடு, கடை எனப் பல இடங்களில் 16 டிரிப்பர்களின் கீழ் 16 டம்ளர்களை வைத்து, 3 நிமிடம் பிடித்து அளங்கள். மொத்தச் சராசரி 190 மி.லி. என்றும், மிகக் குறைந்த நான்கின் சராசரி 150 மி.லி. என்றும் கொள்வோம். 150ஐ 190ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 79. இந்த எண் 90க்கு மேல் இருந்தால் மிக நன்று. 80க்கு மேல் நன்று. 70க்குக் கீழே போனால் கடைமடைச் செடிகள் பட்டினி கிடக்கின்றன என்று பொருள். வடிகட்டியைக் கழுவி, குழாய்களின் முனையைத் திறந்து விட்டுக் கழுவுங்கள். உப்புப் படிவு இருந்தால், நீரைப் பரிசோதித்து வேளாண் அலுவலர் கூறும் அளவில் அமிலச் சுத்தம் செய்யலாம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சுட்ட மண்ணின் பயன்

சொட்டுநீர் அமைக்க இயலாத இடத்திலும், நட்ட முதற்கோடையில் கன்றுகளைக் காக்கவும் மண்பானை உதவும். சுட்ட மண்ணின் இயல்பை உடன்குடி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பதநீர்க் கலயத்திற்குள் நாள்தோறும் சுண்ணாம்பு தடவுகிறோம். கலயத்தின் நுண்துளைகளில் தங்கும் நொதிகள் பதநீரைப் புளிக்க வைக்காமல் சுண்ணாம்பு தடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் தரம் இங்கேதான் தொடங்குகிறது.

கலயத்தில் தொல்லையாகும் அதே நுண்துளைகள் பாசனப் பானையில் துணையாகின்றன. கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பிய பானை, வேர்ப்பகுதி காயக் காய நீரைக் கசியவிடும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம் 1970களில் இம்முறையை ஆராய்ந்தது. பானைக்கருகே மண் எப்போதும் ஈரமாக இருப்பதால், ஓரளவு உவர்நீரைக் கொண்டும் காய்கறி வளர்க்க முடிந்தது.

மண் ஒன்றானாலும் நெருப்பைப் பொறுத்துப் பொருள் மாறும். நாட்டுச் சூளையில் சுட்ட பானையில் துளைகள் திறந்திருக்கும். தகுந்த களிமண்ணைச் சுமார் 1,300 டிகிரிவரை சுட்டால் துளைகள் மூடிப் பீங்கானாகிவிடும். மின்கம்பத்துப் பீங்கான் நீரே உறிஞ்சாது. ஆகவே பாசனப் பானை பளபளப்புப் பூசாததாகவும், மிகையாகச் சுடாததாகவும் இருக்க வேண்டும். களிமண்ணுடன் கொஞ்சம் மணலோ மரத்தூளோ கலந்து வனையச் சொன்னால் கசிவு கூடும்.

பானையைச் சோதிப்பது எளிது. காய்ந்த பானையை எடை போடுங்கள். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, துடைத்து, மறுபடியும் எடை போடுங்கள். 3 கிலோ பானை 3 கிலோ 450 கிராம் ஆனால், அது 15 சதவீதம் நீர் உறிஞ்சுகிறது. பிறகு நீர் நிரப்பி, மூடி, நிழலில் ஒரு நாள் வைத்து எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அறவே கசியாததையும், ஓட்டை விழுந்ததுபோல் ஒழுகுவதையும் ஒதுக்கிவிட்டு, கசிவில் ஒத்த பானைகளையே புதையுங்கள். உவர்நீர் ஊற்றினால் நாளடைவில் துளைகள் அடைபடும். பருவம் முடிந்ததும் எடுத்து, நல்ல நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

முடிவுரை

விதையை முளைப்புத் திறன் பார்த்துத்தான் விதைக்கிறோம். மண்ணையும் நீரையும் பரிசோதிக்கிறோம். குழாய்க்கும் பானைக்கும் அதே கவனம் வேண்டும். ஒரு தராசு, ஒரு வாளித் தண்ணீர், சில டம்ளர்கள் ஆகியவற்றோடு அரைநாள் செலவிட்டால், பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருளைத் தெரிந்து வாங்கலாம். ஐயமிருப்பின் குழாயின் ஒரு துண்டையும் விற்பனைச் சீட்டையும் பத்திரப்படுத்தி, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையோ அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலரையோ அணுகிப் பயனடையலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பாலிதீன் குழாயில் கரிப்புகை சேர்ப்பது ஏன்? எவ்வளவு இருக்க வேண்டும்?

2. 16 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. கனம் என்று சொல்லி விற்ற குழாய் 10 மீட்டருக்கு 400 கிராம் எடை இருந்தது. நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

3. உங்கள் தோட்டத்தில் 16 டம்ளர் சோதனை செய்து, கிடைத்த எண்ணை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் செய்து ஒப்பிடுங்கள்.

4. பதநீர்க் கலயத்திற்குச் சுண்ணாம்பு தடவுகிறோம். பாசனப் பானைக்குத் தடவக் கூடாது. காரணம் என்ன?