காதுக்கு எந்தக் கம்பி?

பழைய மின்கம்பித் துண்டு ஒன்றின் மேலுறையை உரித்துவிடுங்கள். உள்ளே உள்ள செம்புக் கம்பியை விரலாலேயே வளையமாக்கலாம். இப்போது அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்துங்கள். கம்பி விறைக்கும், பிறகு பட்டென்று ஒடியும். ஏன்?

உலோகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அடுக்கு தவறிய இடங்கள் அங்கங்கே உண்டு. அவை நகர்வதால்தான் கம்பி வளைகிறது. வளைக்க வளைக்க அவை பெருகி, ஒன்றில் ஒன்று சிக்கி, நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கினால் அடுக்கு ஒழுங்காகிக் கம்பி மீண்டும் இளகும். பொற்கொல்லர் வேலைக்கு நடுவே கம்பியை நெருப்பில் காட்டுவது இதற்காகத்தான்.

ஆகவே, சுருள் வேலைக்குச் செம்பு நல்லது. கொக்கிக்கு ஆகாது, இழுத்தால் விரிந்துவிடும். துத்தநாகம் கலந்த பித்தளைக்கு விறைப்பு அதிகம். தூய வெள்ளியும் மென்மையானதே, அதனால் 92.5 பங்கு வெள்ளியுடன் 7.5 பங்கு செம்பு சேர்ப்பதுண்டு.

காதுத் துளையில் போடும் கம்பிக்கு மட்டும் வேறு கணக்கு. ‘ஜெர்மன் வெள்ளி’ என்ற பெயரில் மயங்காதீர்கள். அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். வியர்வையில் நிக்கல் சிறிது கரைந்து தோலுக்குள் புகும். சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தோன்றும். அந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் போகாது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் நகைகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு விதித்தது இதனால்தான். காதுக்கு டைட்டானியம் பொருத்தமானது.

“நிக்கல் காந்தத்தில் ஒட்டுமே, சோதித்துவிடலாமே!” என்பீர்கள். தனி நிக்கல் ஒட்டும். ஜெர்மன் வெள்ளியில் கலந்துள்ள நிக்கல் ஒட்டாது!